நான்கு விரற்கடை விரிசல்

கிளட்ச் வழுக்குகிறதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பிரேக்கை இறுக்கி, பெரிய கியரில் போட்டு, பெடலை மெதுவாக விட வேண்டும். என்ஜின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது. யுத்த காலத்தில் ஓர் ஐப்பசி மாதம், சின்னமனூரில் ஏலத்தோட்ட முதலாளி ஒருவரின் மோட்டார் ஷெட்டில் இந்தச் சோதனையைச் செய்தேன். என்ஜின் நிற்கவில்லை. "வழுக்குது" என்றேன். அது சரியான தீர்ப்பு. அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை பொய்.

நான் மதுரையில் இன்டர்மீடியட் தேறி, சென்னையில் இரண்டு வருஷம் மோட்டார்த் தொழில் படித்துவிட்டு வந்தவன். வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் படிக்கத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் எனக்கு உண்டு. வண்டி அமெரிக்காவில் செய்தது. இருபது வயதுக் கிழம். டிரைவர் பக்கத்திலுள்ள தேவாரம் ஊர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். கையேட்டை விரிக்கிற போதெல்லாம் அந்த அழைப்பில் கேலி கூடும்.

"என்ன வாத்தியாரே, புஸ்தகம் என்ன சொல்லுது? வண்டிக்குக் காச்சலா, சளியா?"

"கிளட்ச் தோலுல எண்ணெய் இறங்கியிருக்குண்ணே. அதான் வழுக்குது."

"அதை நான் குமுளி ஏத்தத்துலயே சொல்லிட்டேனே. அதுக்கா ரெண்டு வருசம் படிச்சீக?"

அந்தக் காலத்து வண்டிகளில் கிளட்ச் என்பது தோல் ஒட்டிய ஒரு கூம்பு. என்ஜினின் வால் பக்கம் பிளைவீல் என்ற கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் சுழலும். அதன் உட்பக்கம் குழிவாகக் கடைந்திருக்கும். கூம்பு அந்தக் குழியில் போய் அழுந்தினால் தோல் பிடித்து வண்டி நகரும். தோலில் எண்ணெய் பட்டால் பிடிக்காது. மேட்டில் என்ஜின் கத்தும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். டிரைவர்கள் ஒரு பிடி சாலைப் புழுதியை அள்ளி உள்ளே வீசி, எப்படியோ மேலே ஏறிவிடுவார்கள்.

புதுத் தோல் கிடைக்கவில்லை. மதுரை போடி ரயில் தண்டவாளத்தையே யுத்தத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வண்டிச் சாமானுக்கு எங்கே போவது? மார்க்கையன்கோட்டையில் கமலைச் சாலுக்குத் தோல் தைப்பவரிடம் போய், கிணற்று நீர் இறைக்கிற அந்தத் தோலில் ஒரு துண்டு வாங்கினேன். அதில் ஊறிய எண்ணெயை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் காயப்போட்டு, செம்பு ஆணிகளால் கூம்பில் அறைந்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

"தோலை மாத்தியாச்சில்ல. மூடிருவோம்" என்றார் டிரைவர்.

"எண்ணெய் எங்கிருந்து வருதுன்னு பாக்கணும்ண்ணே. பிளைவீலுக்குப் பின்னால இருக்கிற பேரிங்கிலதான் கசியுது. சக்கரத்தைக் கழட்டணும்."

"இருவது வருசமாக் கழட்டாத சக்கரம். அது பாட்டுக்கு அங்கன கெடக்கட்டும் வாத்தியாரே."

என் கண்டுபிடிப்பு சரிதான். கசிவு அங்கேதான் இருந்தது. ஆனால் சக்கரம் வரவில்லை. போல்ட்டுகளை எல்லாம் எடுத்த பிறகும், துருவேறித் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, சுற்றிச் சுற்றி, மரக்கட்டை வைத்துத் தட்ட வேண்டும், எந்தக் காரணம் கொண்டும் சூடேற்றக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மூன்று நாள் அப்படித் தட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானம் டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் சக்கரத்தைக் கழற்றிக் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. ஊதுவிளக்கைப் பற்றவைத்துச் சக்கரத்தின் நடுப்பகுதியைச் சூடேற்றினேன். சம்மட்டியால் அறைந்தேன். ஐந்தாவது அடியில் விட்டது. அது கொதிக்கும்போதே, சீக்கிரம் ஆறட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன்.

வார்ப்பிரும்பு அப்படிப்பட்ட அவசரத்தைத் தாங்காது. இரண்டு வருஷப் படிப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம்.

தண்ணீர் பட்டபோது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நகத்தால் சட்டியைச் சுண்டினது போல. சக்கரத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். நல்ல சக்கரம் கணீரென்று ஒலித்து நீண்டு அடங்கும். இது சந்தையில் ஒதுக்கித் தள்ளுகிற பானையைப் போல மொத்தென்றது. இன்னொரு சோதனையும் தெரியும். மண்ணெண்ணெயால் நனைத்து, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே உலர்ந்த சுண்ணாம்புத் தூளைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே ஊறி வரும். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின் நடுவே ஈரக் கோடு ஒன்று எழுந்தது. ஒரு போல்ட் துளையில் தொடங்கி விளிம்பை நோக்கி நான்கு விரற்கடை.

வாசலில் டிரைவரின் செருமல் கேட்டது. துணியை எடுத்துத் தூளைத் துடைத்துவிட்டேன்.

"அட, கழட்டிட்டீகளே! மந்திரமா?"

"பொறுமைண்ணே" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல தடவை என்னைக் கேட்டுக்கொண்டேன். புதிய சக்கரம் யுத்தம் முடியும்வரை வராது; வண்டி நிற்கும்; டிரைவருக்கும் வேலை போகும்; இப்படி நியாயங்கள் இருந்தன. அவை எல்லாம் பிறகு தேடிக்கொண்டவை. அந்த நிமிஷத்தில் இருந்தது ஒன்றுதான். அவர் சிரிப்பார் என்ற பயம்.

கசிவை அடைத்து, சக்கரத்தைப் பூட்டினேன். வண்டி ஓடியது. உலர்ந்த தோல் வெடுக்கென்று பிடித்தது. பழகாதவர் கால் வைத்தால் வண்டி குதித்தது. ஒவ்வொரு குதிப்பும் விரிசலை நீட்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் டிரைவர் இரண்டே நாளில் அந்தத் தோலைப் புரிந்துகொண்டார். பெடலை ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாக விட்டு, வண்டியில் இருப்பவருக்குத் தெரியாமலே நகர்த்துவார். வண்டி வெளியே போன நாளெல்லாம் அது திரும்பி வருகிற சத்தம் கேட்கும்வரை என்னால் சோறு இறக்க முடியவில்லை.

கார்த்திகை முடியும்போது அவர் வந்து சொன்னார்.

"வாத்தியாரே, ஒரு தட்டு தட்டுது. சும்மா ஓடவிட்டா கேக்குது. பெடலை அமுக்குனா கம்முனு ஆகிருது. விட்டா மறுக்கா தட்டுது."

பானெட்டைத் திறந்தேன். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சுவிட்சை அணைத்தேன். சுழற்சி அடங்கி நிற்கப் போகிற கணத்தில் மறுபடி சுவிட்சைப் போட்டேன். டொக் என்று ஒரே ஒரு சத்தம். பிளைவீல் ஆட்டம் கண்டிருந்தால் அப்படித்தான் கேட்கும். இன்னொரு தடவை செய்தேன். அதே சத்தம். மூன்றாம் தடவை செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

"என்னவாம்?"

"பேரிங் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. ஓடட்டும். ஒண்ணும் ஆகாது."

அவர் என்னைப் பார்த்தார். "உங்க மூஞ்சி ஏன் வெளுத்திருக்கு?"

"காலையில சாப்பிடலண்ணே."

மார்கழி தொடக்கத்தில், ஏலக்காய் பறிப்புக் காலத்தில், மலைமேல் இருந்த தோட்டத்தில் மலைக்காய்ச்சல் பரவிவிட்டது என்று ஆள் வந்தது. முதலாளி ஷெட்டுக்கே வந்துவிட்டார். "ஏப்பா, கம்பவுண்டரையும் மருந்துப் பெட்டியையும் ஏத்திக்கிட்டு உடனே கெளம்புங்க. அங்கன பொம்பளைக வரிசையாப் படுத்துக் கெடக்காளுக. ஒரு பொழுது தவறுனா ஒரு உசுரு."

இதோ, சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று சொன்னது. வாயைத் திறந்தேன். முதலாளி என் பக்கம் திரும்பி, "என்னப்பா?" என்றார். "பெட்ரோல் கூப்பன் போதும்ங்களா?" என்று கேட்டேன்.

டிரைவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டு, இடப்பக்க இருக்கையைத் தட்டினார். "நீங்களும் வாங்க வாத்தியாரே. கிளீனருக்கும் காச்சல். கட்டை குடுக்க ஆளில்ல."

ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது ஒருவர் இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் முக்கோண மரக்கட்டை கொடுத்துப் பிடிக்க வேண்டும். மலைக்குப் போகிற எந்த வண்டியிலும் அது வழக்கம். நான் மறுத்தால் காரணம் கேட்பார். ஏறினேன்.

உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரைக்கும் சமதளம். வயலும் தென்னையுமாக எல்லாம் பின்னால் போயின. நான் எதையும் பார்க்கவில்லை. என் காலுக்குக் கீழே ஒரு பலகை. அதற்கும் கீழே ஒரு சாண் தூரத்தில் அந்தச் சக்கரம். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும்? நேர் மேலே, எங்கள் இரண்டு பேர் கால் பக்கம்தான்; பிரேக் கம்பிகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. பின்னால் கம்பவுண்டர் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தன் மகளுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பையன் தாசில்தார் ஆபீஸில் வேலை. ஒரு குறைதான், பையனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"நல்லதாப் போச்சு. ஒங்க பேச்சைக் கேக்க வேண்டியதில்ல" என்றார் டிரைவர்.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மலைரோடு தொடங்கியது. முதல் வளைவில் தட்டுச் சத்தம் பெரிதாயிற்று. மூன்றாம் வளைவில் பலகை அதிர்ந்தது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பள்ளம். கீழே நாங்கள் வந்த ரோடு நூலாகத் தெரிந்தது. நான் என்னை அறியாமல் கால்களைத் தூக்கி இருக்கையின் மேல் மடித்து வைத்துக்கொண்டேன்.

டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "காலை ஏன் தூக்கி வச்சிருக்கீக?"

"பலகை சுடுதுண்ணே."

அவர் அடுத்த வளைவு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக். என் பக்கம் திரும்பினார். முகத்தில் கேலி இல்லை.

"வாத்தியாரே, ஒங்களுக்குத் தெரிஞ்சதை எங்கிட்டச் சொல்லிருங்க. சத்தியமா ஒண்ணுமில்லியா?"

பின்னால் கம்பவுண்டர் பேச்சை நிறுத்திவிட்டார். மேலே இன்னும் இரண்டு மைல். இப்போது சொன்னால், ஒரு மாதமாக இவரை இந்தச் சக்கரத்தின் மேல் உட்காரவைத்தேன் என்று ஆகும். அவர் என்னை அடித்திருப்பார். அடித்திருக்கலாம்.

"சத்தியமா ஒண்ணுமில்லண்ணே. நேரமாச்சு. நான் இறங்கிக் கட்டை கொடுக்கிறேன்."

அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும், கட்டைக்காக நான் இறங்கவில்லை. வண்டியை எடுக்கிற அந்த நொடியில்தான் சக்கரத்தின் மேல் பாரம் அதிகம் விழும். அந்த நொடியில் நான் உள்ளே இருக்க விரும்பவில்லை. கம்பவுண்டரையும் இறங்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிக் குனிந்து பிடித்துக்கொண்டேன். "எடுங்கண்ணே" என்றேன். என்ஜின் ஓங்கியது. டயர் கட்டையை விட்டு ஒரு விரல் அளவு விலகியது. குதிப்பு இல்லை, உதறல் இல்லை. தொட்டிலை ஆட்டத் தொடங்குகிற மாதிரி மெதுவாக விலகியது. அதை என் கண்ணுக்கு நேரே பார்த்தேன். பிறகு வெடித்தது.

பாறை வெடி போல ஒரு சத்தம். என்ஜின் ஒரு தரம் அலறி நின்றது. வண்டி பின்னால் சரிந்து, டயர் கட்டையில் வந்து மோதியது. கட்டை ஒரு முழம் இழுபட்டுப் போய், ஒரு கல்லில் முட்டி நின்றது. அதற்குப் பின்னால் ஐந்தடியில் பள்ளம். மோதலில் மணிக்கட்டு பிசகியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டிரைவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முன்னால் ஓடிப் பார்த்தேன். கால்பலகை இருந்த இடத்தில் ஓட்டை. அவருடைய இடது பாதம் இருந்த இடத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "வண்டி நிக்குதா? வண்டி நிக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நிக்குதுண்ணே."

கம்பவுண்டர் துண்டால் காலை இறுக்கிக் கட்டினார். அரை மணிக்குப் பிறகு மேலேயிருந்து வந்த லாரி ஒன்று டிரைவரைக் கம்பத்துக்கு இறக்கிக்கொண்டு போனது. கம்பவுண்டர் அவரோடு போகவில்லை. மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். வண்டிக்குக் காவலாக நான் நின்றேன்.

அப்போது செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சிதறிய துண்டுகளைப் பொறுக்கினேன். வார்ப்பிரும்பு புதிதாக உடைந்தால் உடைந்த முகம் வெள்ளிபோல் மின்னும். முன்பே விரிந்திருந்த இடம் எண்ணெயும் துருவும் ஏறிக் கறுத்திருக்கும். பார்க்கத் தெரிந்தவருக்கு அது எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். கறுத்த முகம் இருந்த துண்டு இரண்டு. இரண்டையும் பள்ளத்தில் எறிந்தேன். அவை கீழே விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது.

மறுநாள் முதலாளி வந்து மிச்சத் துண்டுகளைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"ஏப்பா, நீ படிச்சவன். எப்படி ஒடைஞ்சது?"

"ஏத்தத்துல கிளட்சை வெடுக்குன்னு விட்டா, பழைய வார்ப்பு தாங்காதுங்க" என்றேன். பாடப் புத்தகத்தில் இருக்கிற வாக்கியம் போல ஒரு சொல்லும் தவறில்லாமல் வந்தது.

"அப்ப அவன் கால் பண்ணுன வேலை."

நான் குனிந்து மிச்சத் துண்டுகளைச் சாக்கில் அள்ளினேன்.

மதுரையில் டிரைவரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கட்டையைப் பிடித்து இரண்டு உயிரைக் காப்பாற்றியதாக என்னைக் கூடலூர் முதல் சின்னமனூர் வரை பேசினார்கள். அவருக்கு வெடுக்குக்காலன் என்று பெயர் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், வண்டி ஓட்டுகிறவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அந்தப் பெயர். அவர் மகன் பெரியவனாகி லைசென்ஸ் எடுத்து ஒரு பஸ் முதலாளியிடம் வேலை கேட்கப் போனபோது, "வெடுக்குக்காலன் மகனா?" என்று சிரித்துத் திருப்பி அனுப்பினார்களாம். நான் அதற்குள் தேனியில் சொந்த ஒர்க்ஷாப் வைத்திருந்தேன். என் கடைப் பையன்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தபோது அதட்டினேன். உண்மை என்ன என்று சொல்லவில்லை.

ஒரு தடவை தேனிச் சந்தையில் அவரைப் பார்த்தேன். தப்பித்துப் போய்விடலாம் என்று திரும்பினேன். அவர் பார்த்துவிட்டார். கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, கூட இருந்த மனைவியிடம், "இந்தா, இவுகதான். இவுக கட்டை குடுக்கலேன்னா நீ தாலியறுத்திருப்ப" என்றார். அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

அவள் காய்கறிப் பக்கம் நகர்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் வாத்தியாரே. நீங்க பின்னாடி இருந்தீகள்ல. அன்னிக்கு நான் வெடுக்குனா விட்டேன்? எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. நானும் ஆமாம்னு சொல்லிப் பழகிட்டேன். ஆனா தனியா இருக்கிறப்ப, மெதுவா விட்ட மாதிரிதான் கால் சொல்லுது. இல்லாத கால் சொல்லுறதை எப்படி நம்புறது?"

அவர் சிரித்தார். பதிலுக்காகக் காத்திருந்தார். என் வாயில் இருந்தது இரண்டு சொல். மெதுவாத்தான் விட்டீங்க. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் ஏன் உடைஞ்சது? அந்தக் கேள்விக்கு முன்னால் நான் அன்றும் நடுங்கினேன்.

"கவனிக்கலண்ணே" என்றேன்.

"ஆமா, நீங்க கட்டையில கண்ணா இருந்திருப்பீக" என்று அவரே எனக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

போன வருஷம் அவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். துஷ்டிக்குப் போகவில்லை. அவர் மகன் போடியில் கடை வைத்திருக்கிறார். இதை இரண்டு பிரதி எழுதினேன்; இது என்னிடம் இருக்கிற பிரதி. மகனுக்கு அனுப்ப வேண்டிய பிரதியை உறையில் போட்டு, விலாசம் எழுதி, மேஜை மேல் வைத்திருந்தேன். நாலு நாளாக அங்கேயே இருந்தது. இன்று காலை மருமகள் தபாலாபீஸ் பக்கம் போவதாகச் சொன்னாள். உறையை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். கூப்பிட்டுவிடுவேனோ என்று பயந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.